பாத்திரம் கழுவும் பொறி: பழுதுகள் சொல்லும் வரலாறு

வரலாறு என்றவுடன் நம் நினைவுக்கு வருவன அரசர்களும் போர்களும் உடன்படிக்கைகளுமே. அடுக்களைக்கும் ஒரு வரலாறு உண்டு என்பதை நாம் எளிதில் எண்ணிப் பார்ப்பதில்லை. உண்ட கலத்தைக் கழுவுதல் மனிதன் சமைக்கக் கற்ற நாள்தொட்டு நடந்துவரும் வேலை. நாள் தவறாமல் அதைச் செய்து வந்தவர்களின் பெயர்கள் ஏடுகளில் ஏறவில்லை. அந்த வேலையை ஓர் இயந்திரத்திடம் ஒப்படைக்க மனிதர் முயன்ற கதை ஏறத்தாழ 170 ஆண்டுகளுக்கு உட்பட்டது. அக்கதையையே இன்று நான் பேச எடுத்துக்கொண்டேன்.

ஆனால் அதனைக் கண்டுபிடிப்புகளின் வரிசையாக மட்டும் சொல்ல நான் விரும்பவில்லை. பழுதுகளின் வழியாகச் சொல்ல விரும்புகிறேன். பாத்திரம் கழுவும் இயந்திரம் உள்ள வீடுகளில் அடிக்கடி கேட்கும் குறைகள் ஐந்தாறுதான். தட்டில் சோறு ஒட்டியே இருக்கிறது, கண்ணாடிக் குவளை வெளுத்துப்போகிறது, அழுக்குநீர் வடியாமல் அடியில் தேங்குகிறது, நீரே ஏறவில்லை, நுரை பொங்கித் தரையில் வழிகிறது, பாத்திரம் உலரவில்லை. இவற்றுள் பலவும் இந்த இயந்திரத்தை உருவாக்கியவர்கள் முன்பே எதிர்கொண்ட இடையூறுகள். இக்குறைகளை ஆராயும்போது ஓர் உண்மை திரும்பத் திரும்பப் புலப்படும். குறை ஓரிடத்தில் தோன்றும். அதன் காரணம் வேறோர் இடத்தில் இருக்கும்.

முதலில், கழுவுதல் என்பது என்ன என்று பார்ப்போம். எண்ணெய்ப் பசையையும் காய்ந்த மாவுப் பொருளையும் பாத்திரத்திலிருந்து பிரித்தெடுக்க நான்கு துணைகள் வேண்டும். விசை ஒன்று, வெப்பம் ஒன்று, அழுக்கைக் கரைக்கும் காரப் பொருள் ஒன்று, காலம் ஒன்று. நம் பாட்டிமார் தேங்காய் நாரையும் அடுப்புச் சாம்பலையும் கொண்டு பாத்திரம் துலக்கினார்கள். விறகுச் சாம்பலில் காரம் உண்டு. அது எண்ணெய்ப் பசையோடு சேரும்போது சிறிதளவு சவர்க்காரமே பிறக்கிறது. கையின் அழுத்தம் விசையைத் தந்தது. ஊறவைத்த பொழுது காலத்தைத் தந்தது. இயந்திரம் செய்ய வேண்டியதும் இதுவே. ஒரே வேறுபாடு, இயந்திரத்திற்குக் கை இல்லை. கை இல்லாமல் விசையைப் பாத்திரத்தின் மேல் செலுத்துவது எப்படி? இக்கேள்வியில்தான் இந்த வரலாறு தொடங்குகிறது.

1850-ஆம் ஆண்டு அமெரிக்காவில் ஜோயல் ஹௌட்டன் என்பவர் ஒரு மரப்பொறிக்குக் காப்புரிமை பெற்றார். கையால் ஒரு சக்கரத்தைச் சுற்றினால் உள்ளிருக்கும் பாத்திரங்களின் மேல் நீர் வாரி இறைக்கப்படும். 1860-களில் எல். ஏ. அலெக்சாண்டர் என்பவர் வேறொரு வழியைக் கையாண்டார். தட்டுகளை ஒரு சட்டத்தில் அடுக்கி, பற்சக்கரங்களின் உதவியால் நீர்த்தொட்டிக்குள் சுழலச் செய்தார். முன்னவர் நீரைப் பாத்திரத்தின் மேல் எறிந்தார். பின்னவர் பாத்திரத்தை நீருக்குள் சுழற்றினார். இரண்டும் பரவலான பயனுக்கு வரவில்லை. நனைப்பது வேறு, கழுவுவது வேறு. ஒட்டிய அழுக்கைப் பெயர்க்க, நீர் விசையோடு வந்து மோத வேண்டும். மோதும் இடமும் தவறாமல் அமைய வேண்டும்.

இதனை உணர்ந்து செயற்படுத்தியவர் ஒரு பெண்மணி. ஜோசபின் காக்ரேன் என்பது அவர் பெயர். 1839-இல் ஒஹையோ மாநிலத்தில் பிறந்து, திருமணத்திற்குப் பின் இல்லினாய் மாநிலத்தின் ஷெல்பிவில் என்னும் சிற்றூரில் வாழ்ந்தார். விருந்தினரை உபசரிப்பதில் விருப்பமுடைய குடும்பம். பரம்பரையாக வந்த உயர்ந்த பீங்கான் கலங்கள் வீட்டில் இருந்தன. விருந்து முடிந்தபின் பணியாளர்கள் கழுவுகையில் அவற்றின் விளிம்புகள் சிதைந்தன என்றும், அதனால் தாமே கழுவத் தொடங்கி அவ்வேலையின் சலிப்பை உணர்ந்தார் என்றும் அவரது வரலாற்றை எழுதியோர் கூறுவர். விளிம்பு சிதைந்தபோது பழி முதலில் பணியாளரின் கைக்குத்தான் வந்தது. தாமே அவ்வேலையைச் செய்த பிறகு, கையைப் பழிப்பதை விட்டு வேலை நடக்கும் முறையையே மாற்ற அவர் முனைந்தார் என்பது கருதத்தக்கது.

1883-இல் அவருடைய கணவர் காலமானார். கையில் இருந்த பணம் சிறிது. தலைமேல் இருந்த கடன் பெரிது. பொழுதுபோக்காக எண்ணியிருந்த ஒரு கருத்து அன்று முதல் வாழ்க்கைப் பிரச்சினையாயிற்று. ஜார்ஜ் பட்டர்ஸ் என்னும் இயந்திரத் தொழிலாளியின் துணையோடு, வீட்டின் பின்புறக் கொட்டகையில் அவர் வேலையைத் தொடங்கினார். முதலில் அவர் செய்தது அளவெடுத்தல். தட்டு, கிண்ணம், கோப்பை ஒவ்வொன்றின் அளவுக்கும் ஏற்பக் கம்பியால் அறைகள் அமைத்தார். அவ்வறைகளை ஒரு சக்கரத்தின் மேல் பொருத்தி, ஒரு செப்புக் கொப்பரைக்குள் கிடையாக வைத்தார். சக்கரம் சுழலும்போது அடியிலிருந்து சூடான சவர்க்கார நீர் பீறிட்டெழுந்து பாத்திரங்களின் மேல் மோதியது. 1886 டிசம்பர் 28-ஆம் நாள் அவருக்குக் காப்புரிமை கிடைத்தது.

மாணவ நண்பர்களே, அந்தக் கம்பியறைகளைச் சற்றுக் கவனியுங்கள். பாத்திரத்தை அசையாமல் பிடித்துக்கொண்டால்தான் நீரின் விசை வீணாகாது. ஒவ்வொன்றுக்கும் இடைவெளி விட்டால்தான் நீர் எல்லாப் பக்கமும் சென்று சேரும். இன்று ஒரு வீட்டில் தட்டு சரியாகக் கழுவப்படவில்லை என்றால் முதலில் காண வேண்டியதும் இதுவே. ஒரு தட்டின் மேல் மற்றொரு தட்டு சாய்ந்து கிடந்தால் இடையில் நீர் புகாது. கிண்ணத்தை நிமிர்த்தி வைத்தால் அழுக்குநீர் அதனுள்ளேயே நிற்கும். கீழ்த்தட்டில் ஒரு பெரிய தாம்பாளத்தை மறைப்பாக வைத்துவிட்டால் மேலே உள்ள குவளைகளுக்கு நீர் எட்டாது. கழுவும் தூள் வைத்த சிறு பெட்டியின் மூடியை ஒரு கரண்டிக் காம்பு தடுத்தால், தூள் கட்டியாகவே எஞ்சும். இவை இயந்திரத்தின் பழுதுகள் அல்ல. அடுக்கும் முறையின் குறைகள். அம்மையார் 1886-இல் கண்ட விடையை நாம் மறந்ததன் விளைவுகள்.

காக்ரேன் தம் இயந்திரத்தைச் சிகாகோ நகரத்து விடுதிகளுக்கு விற்றார். புகழ்பெற்ற பால்மர் ஹௌஸ் விடுதி முதலில் வாங்கியவற்றுள் ஒன்று. 1893-இல் சிகாகோவில் நடந்த உலகக் கண்காட்சியின் உணவுச்சாலைகளிலும் அரங்குகளிலும் அவருடைய இயந்திரங்கள் ஒன்பது வேலை செய்தன. கட்டமைப்புக்கும் உறுதிக்கும் தொழிலுக்கேற்ற தன்மைக்குமாக அங்கே அவர் பரிசும் பெற்றார். பெண்கள் தனியே வணிகம் பேசச் செல்வது அரிதாயிருந்த காலம் அது. 1913-இல் அவர் மறைந்தார். 1926-இல் ஹோபார்ட் நிறுவனம் அவருடைய தொழிலை விலைக்கு வாங்கியது. 1949-இல் கிச்சன்எய்டு என்னும் பெயரில் வீட்டுக்கான பாத்திரம் கழுவும் இயந்திரத்தை அந்நிறுவனம் வெளியிட்டது.

இடையில் ஏன் இத்தனை ஆண்டுகள்? விடுதிகள் விரும்பி வாங்கிய பொருளை வீடுகள் ஏன் வாங்கவில்லை? விலை ஒரு காரணம். மற்றொரு காரணம் வெந்நீர். அக்காலத்து வீடுகளில் இருந்த வெந்நீர்க் கொதிகலன்கள் இயந்திரத்திற்கு வேண்டிய அளவு சூடான நீரைத் தரவில்லை. மூன்றாவது காரணம் நீரின் தன்மை. பல ஊர்களின் நீர் கடின நீர். சவர்க்காரம் அதில் நுரைக்காமல் திரிந்து பாத்திரத்தின் மேல் பிசுக்காகப் படிந்தது. ஆகவே, இயந்திரத்தின் தோல்வி போல் தோன்றியதில் ஒரு பாதி கொதிகலனின் குறை. மறுபாதி கிணற்று நீரின் குறை.

இந்த வெந்நீர்க் கேள்வி இன்றும் முற்றிலும் மறையவில்லை. அமெரிக்க இயந்திரங்கள் பொதுவாக வீட்டின் வெந்நீர்க் குழாயோடு இணைக்கப்படுகின்றன. குழாயில் ஆறிக் கிடக்கும் நீர் முதலில் உள்ளே சென்றால் எண்ணெய்ப் பசை கரையாது. அதனால்தான், இயந்திரத்தை முடுக்குமுன் அருகிலுள்ள வெந்நீர்க் குழாயைச் சற்று நேரம் திறந்துவிடுமாறு அங்கே அறிவுரை கூறுகின்றனர். ஐரோப்பிய முறையில் அமைந்த இயந்திரங்களோ தண்ணீரையே பெற்றுத் தம்முள் இருக்கும் மின்சூடேற்றியால் காய்ச்சிக்கொள்கின்றன. நம் நாட்டு வீடுகளில் காண்பனவும் பெரும்பாலும் இவ்வகையே. முழுச் சுற்றும் முடிந்த பின்னரும் கதவைத் திறந்தால் பாத்திரங்கள் சில்லென்றிருக்குமானால், ஐயம் சூடேற்றியின் மேல் செல்ல வேண்டும்.

வீட்டுக்கு ஏற்ற வடிவத்தை அணுகியவர் இங்கிலாந்தைச் சேர்ந்த வில்லியம் ஹவார்டு லிவன்ஸ் என்னும் பொறியாளர். முதல் உலகப் போரில் ஒரு போர்க்கருவியை அமைத்துப் பெயர் பெற்றவர் அவர். 1924-இல் அவர் அமைத்த சிறு இயந்திரத்தில் முன்புறக் கதவு இருந்தது. பாத்திரம் அடுக்கக் கம்பித்தட்டு இருந்தது. சுழன்றுகொண்டே நீரைத் தெளிக்கும் கரம் இருந்தது. 1929-இல் ஜெர்மனியின் மீலே நிறுவனம் ஐரோப்பாவின் முதல் மின் இயந்திரத்தை வெளியிட்டது. காக்ரேன் பாத்திரங்களைச் சுழற்றினார். லிவன்ஸ் நீர் தெளிக்கும் கரத்தைச் சுழற்றினார். இன்றைய இயந்திரங்கள் எல்லாம் இந்த இரண்டாம் வழியைப் பின்பற்றுவன. பழுது பார்ப்போர் ஸ்பிரே ஆர்ம் என்று சொல்வது இக்கரத்தையே.

இக்கரத்தைச் சுழற்றத் தனி மோட்டார் ஏதும் இல்லை. அதன் துளைகள் சாய்வாக அமைந்துள்ளன. நீர் ஒரு பக்கம் பீறிடும்போது கரம் எதிர்ப்பக்கம் தள்ளப்படுகிறது. வினைக்கு எதிர்வினை என்னும் நியூட்டன் விதி இங்கே வேலை செய்கிறது. எனவே துளைகள் அடைபட்டால் கரம் நின்றுவிடும். எலுமிச்சை விதை ஒன்று போதும். சுண்ணாம்புப் படிவு சிறிது போதும். கரத்தைக் கழற்றி, ஒரு பல்குத்தும் குச்சியால் துளைகளைத் தூர்த்து, ஓடும் நீரில் அலசினால் குறை தீர்ந்துவிடும். உயரமான கரண்டி ஒன்று கரத்தில் இடித்துத் தடுத்தாலும் இதே விளைவுதான். இயந்திரம் ஓடத் தொடங்குமுன் கரத்தைக் கையால் ஒருமுறை சுற்றிப் பார்ப்பது நல்ல வழக்கம்.

இன்னொன்றையும் அறிதல் வேண்டும். இன்றைய இயந்திரம் ஒரு முழுச் சுற்றுக்கு ஏறத்தாழ 10 முதல் 15 லிட்டர் நீரையே செலவிடுகிறது. இது எவ்வாறு இயலும்? உள்ளே புகும் சில லிட்டர் நீரையே இறைப்பி மீண்டும் மீண்டும் இறைத்துத் தெளிக்கிறது. பின்னர் அதை வெளியேற்றிப் புதுநீரை எடுக்கிறது. ஒரே நீர் பலமுறை சுற்றுவதால் அதில் மிதக்கும் சோற்றுப் பருக்கைகளை வடிகட்ட ஒரு சல்லடை இன்றியமையாதது. அது இயந்திரத்தின் அடிப்பகுதியில் இருக்கிறது. அச்சல்லடையைப் பல மாதங்கள் தொடாமல் விட்டுவிட்டு, இயந்திரம் நாறுகிறது என்றும் தட்டில் பொடிப் பொடியாக ஒட்டுகிறது என்றும் வருந்துவோர் பலர். வாரம் ஒருமுறை அதை எடுத்து அலசுதல் போதும்.

அழுக்குநீர் வடியாமல் நிற்பதற்கும் முதற்காரணம் பெரும்பாலும் இச்சல்லடையே. அது தூயதாக இருந்தும் நீர் நின்றால், கழிவுநீர்க் குழாயைப் பாருங்கள். குழாய் எங்கேனும் மடிந்திருக்கலாம், கொழுப்பு அடைத்திருக்கலாம். அக்குழாயைத் தரையோடு தரையாக விடாமல், முதலில் உயரத் தூக்கி, அதன்பின் கீழே இறக்குவதற்கும் காரணம் உண்டு. உயர்த்தாவிட்டால், பாத்திரம் தேய்க்கும் தொட்டியின் அழுக்குநீர் பின்னோக்கி இயந்திரத்துக்குள் பாயும். அல்லது இயந்திரம் நீரை எடுக்க எடுக்க, சைபன் முறையில் அது தானே வெளியே ஒழுகிவிடும். பள்ளியில் கண்ணாடிக் குழாயும் குவளையும் வைத்துச் செய்து பார்த்த சைபன் சோதனையை நினைத்துக்கொள்ளுங்கள். எந்த வேலையைத் தொடங்கினாலும் மின்னிணைப்பைப் பிடுங்கிவிட்ட பிறகே கையை உள்ளே விட வேண்டும். இதில் சமாதானம் கிடையாது.

இனி, இவ்வரலாற்றின் சுவையான பகுதிக்கு வருகிறேன். அது கழுவும் தூளின் கதை. சாதாரணச் சவர்க்காரத்தையோ கையால் பாத்திரம் தேய்க்கும் திரவத்தையோ இயந்திரத்தில் இட்டால் நுரை பொங்கும். இறைப்பி நீரோடு காற்றையும் சேர்த்து இழுக்கும், விசை குன்றும், நுரை கதவிடுக்கின் வழியே தரைக்கு வரும். ஆகவே நுரைக்காத, காரம் மிகுந்த, கடின நீரையும் சமாளிக்கக்கூடிய ஒரு தூள் தேவைப்பட்டது. அதற்குப் பெருந்துணையாய் வாய்த்தது பாஸ்பேட் என்னும் உப்புவகை. அது நீரிலுள்ள கால்சியத்தையும் மக்னீசியத்தையும் பிடித்து வைத்துக்கொண்டு, அவை பாத்திரத்தில் படியாமல் தடுத்தது. அமெரிக்காவில் 1955-இல் வெளிவந்த காஸ்கேடு போன்ற தூள்கள் பரவியபின் கண்ணாடிக் குவளைகள் பளபளத்தன. வீட்டார் மகிழ்ந்தனர்.

குவளையிலிருந்து நீங்கிய பாஸ்பேட் எங்கே சென்றது? சாக்கடை வழியே ஆற்றுக்கும் ஏரிக்கும் சென்றது. பாஸ்பரஸ் பயிருக்கு உரம். பாசிக்கும் அதுவே உரம். ஏரிகளில் பாசி பெருகியது. அப்பாசி மடிந்து அழுகும்போது நீரிலுள்ள ஆக்சிஜனை நுண்ணுயிர்கள் தீர்த்துவிட, மீன்கள் மடிந்தன. 1960-களில் அமெரிக்காவுக்கும் கனடாவுக்கும் இடையே உள்ள ஈரி ஏரியின் நிலை பெருங்கவலைக்கு இடமாயிற்று. கழிவுநீரும் வயல் உரமும் அதற்குக் காரணங்களாயின. துணி வெளுக்கும் தூளும் பாத்திரம் கழுவும் தூளும் அவற்றோடு சேர்ந்தன. 1972-இல் அவ்விரு நாடுகளும் பேரேரிகளின் நீர்த்தூய்மை பற்றி உடன்படிக்கை செய்துகொண்டன. துணிக்கான தூள்களிலிருந்து பாஸ்பேட் படிப்படியாக நீங்கியது. பாத்திரத் தூளுக்கு மட்டும் நெடுங்காலம் விலக்கு இருந்தது. அது இல்லாவிட்டால் குவளை வெளுத்துப்போகும் என்பதே காரணம்.

2008-இல் வாஷிங்டன் மாநிலத்தின் ஸ்போகேன் மாவட்டம் பாத்திரத் தூளிலும் பாஸ்பேட்டைத் தடை செய்தது. அங்கே ஓடும் ஆற்றைக் காப்பது நோக்கம். அவ்வூரார் சிலர் எல்லை தாண்டி அடுத்த மாநிலமான ஐடஹோவுக்குச் சென்று பழைய தூளை வாங்கி வந்தனர் என்று செய்தித்தாள்கள் எழுதின. 2010-ஆம் ஆண்டு ஜூலையில் பதினாறு அமெரிக்க மாநிலங்களில் இத்தகைய தடை நடைமுறைக்கு வந்தது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2017 ஜனவரி 1 முதல் கட்டுப்பாடு வந்தது. அமெரிக்காவில் 2010-ஐ ஒட்டிப் பல வீடுகளில் ஒரே முறையீடு எழுந்தது: குவளைகளில் வெண்படலம். இயந்திரம் கெட்டுவிட்டது என்று எண்ணிப் பழுது பார்ப்பவரை அழைத்தவர்களும் புதிய இயந்திரம் வாங்கியவர்களும் உண்டு. ஆனால் இயந்திரத்தில் எந்தக் கேடும் இல்லை. மாறியது தூள். தூள் மாறியதற்குக் காரணம் ஏரியும் ஆறும். வீட்டுக் குவளை தெளிவாயிருந்த நாளில் ஏரி கலங்கியது. ஏரியைத் தெளிவிக்க முனைந்தபோது குவளை மங்கியது. பின்னர் வேதியியலார் வேறு பொருள்களைக் கொண்டு தூளைச் சீர்திருத்தினர். மாவையும் புரதத்தையும் சிதைக்கும் நொதிகளும் அதில் துணை நிற்கின்றன.

உங்கள் வீட்டுக் குவளையில் வெண்படலம் கண்டால் என்ன செய்வது? ஓர் எளிய சோதனை உண்டு. மங்கிய குவளையைச் சிறிது நேரம் வினிகரில் ஊறவையுங்கள். படலம் மறைந்து தெளிந்தால், அது கடின நீரின் சுண்ணாம்புப் படிவு, அமிலத்தில் கரைந்தது. தெளியாவிட்டால், கண்ணாடியின் மேற்பரப்பே அரிக்கப்பட்டுவிட்டது. அதை மீட்க இயலாது. இவ்விரண்டும் கண்ணுக்கு ஒன்றாகத் தோன்றினும் காரணத்தால் நேர் எதிரானவை. முன்னது நீரின் கடினம் மிகுந்ததால் வருவது. பின்னது நீர் மிகவும் மென்மையாய் இருக்க, தூளும் வெப்பமும் அளவுக்கு மிஞ்சியதால் வருவது. சோதியாமல் இன்னும் கொஞ்சம் தூளைக் கொட்டுபவர், பின்னதாயின் கேட்டையே வளர்ப்பார்.

சென்னையில் எனக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தில் இது நிகழ்ந்தது. வாங்கி ஓராண்டே ஆன இயந்திரம். எவர்சில்வர் பாத்திரமெல்லாம் வெள்ளை பூத்தது. பார்க்க வந்தவர் உள்ளுறுப்பு ஒன்றை மாற்ற வேண்டும் என்றார். அவ்வீட்டுக் கல்லூரி மாணவி ஒருத்தி வினிகர்ச் சோதனை செய்து, அது சுண்ணாம்பே என்று கண்டாள். அவர்கள் வீட்டுக்கு வருவது ஆழ்துளைக் கிணற்று நீர். இயந்திரத்திலோ நீர்க்கடினத்தின் அளவு மிகக் குறைவாகக் குறிக்கப்பட்டிருந்தது. அதனை உயர்த்தி, உப்பறையை நிரப்பியபின் சில நாள்களில் பாத்திரங்கள் ஒளி பெற்றன. செலவு ஒரு பை உப்பு.

அவ்வுப்பின் வேலையையும் சொல்லிவிடுகிறேன். ஐரோப்பிய முறை இயந்திரங்களின் உள்ளே நீரை மென்மையாக்கும் ஒரு பகுதி உண்டு. அதில் உள்ள நுண்மணிகள் நீரிலிருந்து கால்சியம் அயனிகளைப் பிடித்துக்கொண்டு, தம்மிடமுள்ள சோடியம் அயனிகளை விட்டுக்கொடுக்கும். மணிகளில் கால்சியம் நிறைந்துவிட்டால், அடர்ந்த உப்புநீர் அவற்றைக் கழுவி மீண்டும் சோடியம் ஏற்றும். உப்பு தீர்ந்தால் இந்த மாற்று வாணிபம் நின்றுவிடும். இதற்கு இயந்திரத்துக்கென விற்கும் பருமணி உப்பே ஏற்றது. சமையல் தூளுப்பில் கலந்துள்ள பிற பொருள்கள் அடைப்பை உண்டாக்கும். உப்பை நிரப்பியவுடன் ஒருமுறை இயந்திரத்தை ஓட்டிவிட வேண்டும்; சிந்திய உப்பு உள்ளே தங்கினால் எஃகையும் அரிக்கும்.

நம் வீடுகளுக்கே உரிய வேறு இரண்டு குறைகள் உண்டு. ஒன்று, நீர் ஏறாமை. குழாய்த் திருகு மூடியிருத்தல், நுழைவாயிலின் சிறு வலை அடைபடுதல், நீர் மட்டத்தை அறிவிக்கும் மிதவை மேலேயே சிக்கிக்கொள்ளுதல் ஆகியன பொதுக் காரணங்கள். இவற்றோடு, மாடியில் உள்ள நீர்த்தொட்டியின் உயரமும் ஒரு காரணம். பத்து மீட்டர் உயர நீர் ஏறத்தாழ 1 பார் அழுத்தம் தரும். பல இயந்திரங்கள் குறைந்தது 0.3 அல்லது 0.5 பார் கேட்கின்றன. அதாவது தொட்டி மூன்று முதல் ஐந்து மீட்டர் மேலே இருக்க வேண்டும். தொட்டிக்கு நேர் கீழே உள்ள மாடி வீட்டில் நீர் மெல்ல ஏறி, இயந்திரம் பிழைக்குறி காட்டினால், அது இயந்திரத்தின் பிழை அன்று. இரண்டாவது, பித்தளைக் குடமும் அலுமினியச் சட்டியும் கறுத்தல். தூளில் உள்ள காரம் அவ்வுலோகங்களைத் தாக்கும். அவற்றுக்குப் புளியும் கையுமே இன்றும் உகந்தவை.

உலராமை பற்றி ஒரு சொல். பீங்கானும் எஃகும் சூட்டைத் தாங்கி நின்று ஈரத்தை ஆவியாக்கும். பிளாஸ்டிக் விரைவில் ஆறிவிடுவதால் அதன்மேல் துளிகள் தங்கும். இறுதி அலசலில் சேரும் திரவம், நீரின் பரப்பு இழுவிசையைக் குறைத்துத் துளிகளை வழியச் செய்கிறது. அத்திரவம் தீர்ந்திருப்பின் பாத்திரம் ஈரமாகவே இருக்கும்.

இவ்வளவும் கேட்டபின், இயந்திரம் வந்ததனால் உழைப்பு ஒழிந்ததா என்ற வினா எழும். ரூத் ஷ்வார்ட்ஸ் கோவன் என்னும் அமெரிக்க வரலாற்றறிஞர், வீட்டுக் கருவிகள் பெருகியும் இல்லத்தரசியரின் வேலை நேரம் எதிர்பார்த்தபடி குறையவில்லை என்று 1983-இல் வெளியிட்ட நூலில் விளக்கினார். முன்பு பணியாளரும் பிள்ளைகளும் ஆடவரும் பகிர்ந்துகொண்ட வேலை பெண் ஒருத்தியின் மேல் குவிந்தது என்பது அவர் கண்ட காரணங்களுள் ஒன்று. 2020-இல் ஊரடங்கு வந்து, வீட்டு வேலைக்கு வருவோர் வர இயலாதபோது, இந்தியாவில் இவ்வியந்திரத்துக்குத் திடீரெனத் தேவை மிகுந்தது. அதுவரை அந்த வேலையைச் செய்தவர் எவர் என்பதைப் பல குடும்பங்கள் அப்போதுதான் எண்ணிப் பார்த்தன. இயந்திரத்தின் சல்லடையை அலசுவதும் உப்பு நிரப்புவதும் இன்றும் ஒருவர் கையால் ஆகவேண்டியவையே. அந்தக் கை அம்மாவின் கையாக மட்டும் இருக்க வேண்டுமென்ற விதி இல்லை.

மாணவ நண்பர்களே, ஒரு குறை தோன்றும்போது வரிசையாகக் கேளுங்கள்: நீர் வருகிறதா? சூடாகிறதா? விசையோடு எல்லா இடமும் சேர்கிறதா? தூள் கரைகிறதா? அழுக்குநீர் வெளியேறுகிறதா? இவ்வைந்து வினாக்களையும் கடந்த பின்னரும் விடை கிடைக்காவிட்டால் தொழில் அறிந்தவரை அழையுங்கள். பீங்கான் விளிம்பு சிதைந்தபோது பழி பணியாளரின் கைக்கு வந்தது. குவளை மங்கியபோது பழி இயந்திரத்துக்கு வந்தது. இரண்டு முறையும் அருகில் இருந்தது பழியை ஏற்றது. காரணமோ தொலைவில் இருந்தது. பழி கூறுமுன் காரணத்தைத் தேடும் பழக்கத்தை அடுக்களையில் கற்றவர், சமுதாயத்தின் குறைகளை ஆராயும்போதும் அதனைக் கைவிடமாட்டார்.